உடையாத கண்ணாடி

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், அண்ணாந்து பார்க்கிற வேலை என்றுதான் சொல்வேன். நகராட்சியில் கட்டடப் பாதுகாப்பு இன்ஜினியர் என்று முழுசாகச் சொன்னால் வம்பு. உடனே, "அப்போ எங்க மாடிக்கு ஒரு அனுமதி வாங்கிக் குடுங்களேன்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அனுமதி கொடுக்கிற பிரிவு எங்கள் ஆபீஸின் மேல்தளத்தில், குளுகுளு அறையில் இருக்கிறது. நாங்கள் கீழே, படிக்கட்டுக்கு அடியில். கட்டி முடித்து, குடியேறி, இஷ்டத்துக்கு ஒரு சுவரை இடித்து, இஷ்டத்துக்கு ஓர் அறையைச் சேர்த்து, எங்காவது விரிசல் விட்ட பிறகுதான் எங்கள் ஞாபகம் வரும். அப்போதும் எங்களைக் கண்டால் யாருக்கும் ஆகாது. வாசலில் எங்கள் ஜீப் நிற்பதைப் பார்த்தால் கட்டடச் சொந்தக்காரருக்குத் திடீரென்று வெளியூரில் வேலை வந்துவிடும்.

எங்கள் தலைமை இன்ஜினியருக்கு ஆபீஸில் வைத்த பெயர் 'ஆறப்போடு'. எந்த ஃபைலை நீட்டினாலும், "கொஞ்சம் ஆறப் போடுங்கம்மா" என்பார். கெட்டவர் இல்லை. லஞ்சம் வாங்கமாட்டார், யாரையும் எடுத்தெறிந்து பேசமாட்டார். ஆனால் ஒரு கட்டடத்தை மூட வேண்டுமென்றால் என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்தும் விழ வேண்டும். அதற்கு மட்டும் அவர் பேனா திறக்காது. ஓய்வு பெறப்போகிற நேரத்தில் எதற்கு வம்பு என்று இருந்தார். அந்த ஆசை எனக்கும் உண்டு, பொய் சொல்வானேன்.

கடைத்தெரு முனையில் இருக்கிற மூன்று மாடிக் கட்டடத்தில் விரிசல் என்று புகார் வந்தது. அதன் மேல்மாடியில்தான் என் கொழுந்தனின் தையல் கூடம் இருந்தது. என் கணவருக்கு ஒரே தம்பி. நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தவன். படிப்பு ஏறவில்லை என்று எல்லாரும் கைகழுவிவிட்ட பிள்ளை, ஒற்றை மெஷினில் ஆரம்பித்து, மாடி முழுக்க மெஷின் போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தொழிற்சாலைச் சீருடை தைக்கிற அளவுக்கு வந்திருந்தான். அதில் என்னைவிடப் பெருமைப்பட்டவர்கள் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

விரிசல் இரண்டாவது மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில், தூணும் பீமும் சேருகிற இடத்தில் இருந்தது. பீமின் நடுவில் நேராக இறங்குகிற விரிசலோடு பேசிப் பார்க்கலாம். தூண் பக்கத்தில் சாய்வாக ஓடுகிற விரிசல் பேச்சுவார்த்தைக்கே வராது, சொல்லாமல் கொள்ளாமல் வேலையைக் காட்டிவிடும். மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தேன். பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அதைவிடப் பெரிதாக இன்னொன்று கட்டி வைத்திருந்தார்கள், சரியாக அந்தத் தூணின் தலையில். யாரைக் கேட்டுக் கட்டினார்கள் என்று கேட்டால், தண்ணீர் பற்றவில்லை என்கிறார்கள்.

மூடிவிடலாம் என்று எழுதிக்கொண்டு போனேன். ஆறப்போடு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "கண்ணாடிப் பட்டை ஒட்டிப் பாருங்களேம்மா" என்றார். "உடைஞ்சா மூடிடலாம். உடையலைன்னா ஏன் பாவம் அவங்க பொழப்புல மண்ணைப் போடணும்?"

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கண்ணாடிப் பட்டை என்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. விரலகல மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் பிளாஸ்டர் மாவைக் குழைத்து வைத்து ஒட்டிவிடுவோம். விரிசல் மயிரிழை அகன்றாலும் கண்ணாடி பட்டென்று உடைந்துவிடும். உடைந்தால் கட்டடம் அசைகிறது, உடையாவிட்டால் சும்மா இருக்கிறது. அவ்வளவுதான். ஒட்டிவிட்டுப் பக்கத்தில் எங்கள் ஆபீஸ் நோட்டீஸையும் ஒட்டினேன். 'இது நகராட்சிச் சொத்து. சேதப்படுத்துவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.' எதை எங்கே வைத்தாலும் அந்த நோட்டீஸை ஒட்டுவது எங்கள் வழக்கம். குப்பைத்தொட்டிக்கும் அதேதான், விளக்குக் கம்பத்துக்கும் அதேதான். ஒருத்தரும் படிப்பதில்லை என்ற தைரியத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கிறோம்.

அதற்குப் பிறகு வாரா வாரம் போய்ப் பார்த்தேன். மூட்டு வலியோடு இரண்டு மாடி ஏறி அண்ணாந்தால், கண்ணாடி முழுசாக இருக்கும். எனக்கு உயிர் வரும். என் கொழுந்தன் மேலிருந்து எட்டிப் பார்ப்பான். "என்ன அண்ணி, உங்க கண்ணாடி சௌக்கியமா? அதுக்குத் திருஷ்டி சுத்திப் போடணும் போல." நானும் சிரிப்பேன். வாங்க, டீ குடிச்சுட்டுப் போங்க என்று அந்தப் பெண்கள் கூப்பிடுவார்கள். மெஷின் சத்தத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்றே கேட்காது, ஆனாலும் எல்லாரும் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆறப்போடு சாருக்குக் கொண்டாட்டம். "பாத்தீங்களா, அவசரப்பட்டிருந்தா எத்தனை பேர் சாபத்தை வாங்கியிருப்போம்" என்றார். சரி, இனி பயமில்லை என்று அறிக்கை எழுதி முடித்துவிடலாம் என்று கடைசியாக ஒரு தடவை போனேன்.

அன்றைக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினேன். இத்தனை வாரமும் கீழே நின்றே பார்த்துவிட்டுப் போனவள் அன்றைக்கு ஏன் ஏறினேன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. பட்டையைக் கழற்றி எடுத்துப் போகலாம் என்றுதான் இருக்கும். கிட்டத்தில் பார்த்தால் பிளாஸ்டர் பளீரென்று வெள்ளையாக இருந்தது. நான் வைத்தது இதற்குள் புகையும் தூசியும் படிந்து பழுப்பேறியிருக்க வேண்டும். விரலால் தொட்டேன். ஈரம். கண்ணாடியும் என் கண்ணாடி இல்லை. படத்துக்குச் சட்டம் போடுகிற தடித்த கண்ணாடி.

காவலாளியைக் கூப்பிட்டேன். வயதானவர், சட்டைக் காலர் எப்போதும் வெள்ளையாக இருக்கும், படிக்கட்டில் ஒரு தூசி தங்கவிடமாட்டார். வந்தவர் என் விரலைப் பார்த்தார்.

"ஐயோ, கை வெச்சுட்டீங்களாம்மா? இன்னும் காயலையே."

"இது யார் ஒட்டினது?"

முகத்தில் ஈயாடவில்லை. "நான் உடைக்கலம்மா. சத்தியமா நான் உடைக்கல. அது தானா உடையுது."

"எப்பவெல்லாம் உடையுது?"

"அடிக்கடி உடையுதும்மா. காலையில பெருக்க வந்தா துண்டு கீழ கிடக்கும். நடவடிக்கை எடுப்போம்னு பக்கத்துலயே எழுதிப் போட்டிருக்கீங்க. எனக்கு இந்த வேலையை விட்டா வேற நாதியில்ல. அதான் நானே கண்ணாடி வெட்டி வாங்கிட்டு வந்து, நீங்க வர்றதுக்குள்ள ஒட்டி வெச்சுடுவேன். முன்னெல்லாம் ஒண்ணு ஒட்டினா ரொம்ப நாள் தாங்கும். இப்ப என்னமோ தெரியல, நேத்து ஒட்டினது இன்னைக்கே போயிடுச்சு. மட்டமான கண்ணாடியைக் குடுத்து ஏமாத்துறான்னு தடிசா வாங்கி இப்பதான் ஒட்டினேன்."

சொல்லிவிட்டு, ஒட்டியிருந்த நேர்த்தியை நான் கவனிக்கிறேனா என்று ஒரு பார்வை வேறு பார்த்தார். அந்த மனிதரை நான் என்ன சொல்ல? எங்கள் நோட்டீஸை இந்த ஊரிலேயே படித்த ஒரே ஆள் அவர்தான். படித்ததோடு நிற்காமல் அதன்படி நடந்தும் தொலைத்திருக்கிறார். ஏன் உடையவேண்டும், உடைந்தால் என்ன அர்த்தம் என்று நானோ என் ஆபீஸோ அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. படிக்கட்டில் நின்றபடியே ஆறப்போடு சாருக்கு போன் போட்டேன். மேலே மெஷின்கள் ஓடுகிற அதிர்வு கைப்பிடிச் சுவரில் தெரிந்தது.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர், "எழுதிக் குடுத்துடுங்கம்மா. திங்கக்கிழமை கூட்டத்துல வெச்சு முடிவு பண்ணிடலாம்" என்றார்.

"சார், இந்த பீமுக்குக் கிழமை தெரியாது."

"நீங்க சொல்றது புரியுது. ஆனா யோசிச்சுப் பாருங்க. அங்க உங்க கொழுந்தன் கடை இருக்கு. குடும்பத் தகராறுல மூடிட்டாங்கன்னு ஒருத்தன் மொட்டைக் கடுதாசி போட்டா நாளைக்கு நான் என்ன பதில் சொல்றது? ரெண்டு நாள்தானே. ஆறப்..."

சொல்லி முடிக்கவிடாமல் வைத்துவிட்டேன். வாழ்க்கையில் அவர் பேச்சை நான் அறுத்தது அன்றைக்கு ஒரு தடவைதான்.

அப்புறம் நடந்ததெல்லாம் என் அதிகாரத்துக்கு உட்பட்டது இல்லை. காவலாளியிடம், "மொட்டைமாடிக்குப் போய் ரெண்டு தொட்டியையும் திறந்து விடுங்க, கடைசிச் சொட்டு வரைக்கும்" என்றேன். தண்ணீரின் பாரம் குறைந்தால் கொஞ்சமாவது மூச்சு கிடைக்கும். அவர் மறுபேச்சுப் பேசாமல் ஓடினார். நான் கீழே இறங்கி மின்சார அறைக்குப் போய் மெயினை அணைத்து, அறையைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மெஷின் சத்தம் அப்படியே நின்றது. மொட்டைமாடி வடிகுழாய் வழியாகத் தண்ணீர் தெருவில் கொட்ட ஆரம்பித்தது. நடந்து போனவர்கள் நனைந்துவிட்டு மேலே பார்த்துத் திட்டினார்கள். தீயணைப்பு நிலையத்துக்கும் தகவல் சொல்லிவிட்டு, மாடி மாடியாகக் கதவைத் தட்டினேன். பல் டாக்டர் ஒரு பாதிப் பல்லோடு ஒருத்தரை நாற்காலியில் வைத்திருந்தார். அந்த ஆள் வாயில் பஞ்சோடு இறங்கிப் போனார். கம்ப்யூட்டர் வகுப்புப் பிள்ளைகளுக்கு லீவு கிடைத்த சந்தோஷம். தையல் பெண்கள் என் முகத்தைப் பார்த்ததும் ஏன் என்றுகூடக் கேட்காமல் செருப்பைத் தேடினார்கள்.

கேட்டது என் கொழுந்தன்தான். எல்லாரோடும் கீழே இறங்கிவிட்டு, வாசலில் என் எதிரே வந்து நின்றான். விவரத்தைச் சொன்னேன்.

"சரி அண்ணி. மூடுங்க. நான் வேண்டாம்னு சொல்லல. தைச்சு முடிச்ச கட்டெல்லாம் மேல இருக்கு. நாளைக்கு அதைக் குடுத்தாகணும். நாலு ஆள் ஏறினா சீக்கிரம் இறக்கிடுவோம்."

"யாரும் ஏறக்கூடாது."

"அண்ணி, இதைக் குடுக்கலைன்னா அடுத்த ஆர்டர் கிடையாது. அவங்க வேற ஆளைப் பாத்துடுவாங்க. என் கதை முடிஞ்சிடும். நான் மட்டும் போறேன், போதுமா?"

"நீ மட்டும் போனாலும் வேண்டாம் தம்பி."

"இத்தனை நாள் நின்னுச்சு. நீங்களே நல்லா இருக்குன்னு சொன்னீங்க. இந்தக் கொஞ்ச நேரத்துல விழுந்துடுமா?"

"தெரியாது. விழாமலும் இருக்கலாம்."

அதைச் சொல்லியிருக்கக்கூடாது. ஆனால் உண்மை அதுதான். எங்கள் படிப்பில் எந்த நிமிஷம் விழும் என்று சொல்லித் தருகிற பாடம் கிடையாது. அவன் என்னைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தான். நான் படிக்கட்டு வாசலில் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு நின்றேன்.

"போறதா இருந்தா என்னைத் தள்ளிட்டுப் போ."

தள்ளிவிடுவான் என்றுதான் நினைத்தேன். தோளில் கைகூட வைத்துவிட்டான். எல்லாரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு கையை எடுத்தான். "உங்களுக்கென்ன அண்ணி, விழுந்தாலும் நின்னாலும் மாசம் பொறந்தா சம்பளம் வந்துடும்" என்று சொல்லிவிட்டு, ஈரத் தெருவில் நடந்து போனான்.

கட்டடம் விழவில்லை. அன்றைக்கும் விழவில்லை, திங்கட்கிழமையும் விழவில்லை, அடுத்த மாதமும் விழவில்லை. தண்ணீர் போய், ஆள் போய், மெஷின் நின்று, பாரமெல்லாம் குறைந்த பிறகு அது எதற்கு விழப்போகிறது? ஆனால் இதை நான் யாரைப் பிடித்து உட்காரவைத்து விளக்க முடியும்? அதிகாரத்தை மீறியதற்கு விளக்கம் கேட்டு ஆபீஸில் கடிதம் கொடுத்தார்கள். ஆறப்போடு சார்தான் கையெழுத்துப் போட்டிருந்தார், அந்தப் பேனா அதற்கு மட்டும் திறந்துவிட்டது. தீயணைப்புக்காரர்கள் அன்றைக்கே வந்து வாசலுக்கு வைத்த சீலை எடுக்கச் சொல்லிக் கட்டடச் சொந்தக்காரர் கோர்ட்டுக்குப் போனார். பல் டாக்டர் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சந்தையில் ஒரு தையல் பெண் எதிரே வந்தாள். எனக்கு டீ கொடுத்தவள். இப்போது வேலை இல்லை என்று சொல்லவில்லை. "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

தினமும் பஸ்ஸில் அந்த முனையைக் கடந்துதான் ஆபீஸ் போக வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பேன். கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்கும். ஒருநாள், விழுந்து தொலையேன், அதுதான் உள்ளே ஒருத்தரும் இல்லையே, என்று மனசுக்குள் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே கூசியது. ஒரு கட்டடம் நிற்க வேண்டும் என்று சம்பளம் வாங்குகிறவள், தான் சொன்னது சரி என்று காட்டுவதற்காக அது விழ வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அலுப்பு ஒரு மனுஷியை எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.

வீட்டில் என் கணவர் பாடுதான் திண்டாட்டம். அவருக்குத் தம்பியும் வேண்டும், நானும் வேண்டும். கொழுந்தன் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். ஆர்டர் கைவிட்டுப் போனது. இவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். வந்து, "மெலிஞ்சுட்டான்" என்பார். ஒருத்தருக்கொருத்தர் முகம் கொடுக்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவோம்.

கோர்ட் உத்தரவுப்படி வெளியூர் நிபுணர்கள் வந்து, பீமுக்குக் கீழே இரும்புத் தூண்களை நிறுத்தி முட்டுக் கொடுத்தார்கள். அதன் பிறகு சாமான்களை எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லாருக்கும் அனுமதி கொடுத்தார்கள். அன்றைக்கு என் கணவரும் தம்பிக்கு உதவியாகப் போயிருந்தார். திரும்பி வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றார்.

"மெஷின் இறக்கும்போது அந்த நிபுணருங்க பூச்சைக் கொத்திப் பாத்துட்டு இருந்தாங்க. உள்ள கம்பி இருக்குல்ல, அது அப்படியே துருவாப் போயிருக்கு. அவன் போய்க் கையை வெச்சான். பொடிப்பொடியா உதிருது. கையை எடுத்து உள்ளங்கையைப் பாத்துட்டே நின்னான்."

"என்ன சொன்னான்?"

"தைக்கிற பொண்ணுங்க எத்தனை பேருன்னு வாய்க்குள்ளயே எண்ணிட்டு இருந்தான்."

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்தது. சந்தோஷமா, வயிற்றெரிச்சலா என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டு வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வரவும் இல்லை.

சில நாள் கழித்து, "புது இடம் பாத்திருக்கான். நீ ஒரு எட்டு வந்துட்டுப் போகணுமாம்" என்றார் இவர். ஞாயிற்றுக்கிழமை. ஒரு நாளாவது அண்ணாந்து பார்க்காமல் இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். முனகிக்கொண்டே கிளம்பினேன்.

ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கு. வாசலில் லாரி நின்றது, அதில் மெஷின்கள் எல்லாம் கயிறு கட்டியபடி அப்படியே இருந்தன. அந்தப் பெண்கள் சாப்பாட்டுப் பையோடு தெருவோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. கொழுந்தன் என்னைப் பார்த்து, "வாங்க அண்ணி" என்றான், கண்ணைப் பார்க்காமல். கதவைத் திறந்துவிட்டு அவனும் வெளியே நின்றுகொண்டான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் வரட்டும் என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள்.

உள்ளே நல்ல வெளிச்சம், காற்றோட்டம், பெரிய கூடம். மெஷின் போட இதைவிட லட்சணமான இடம் அமையாது. அவ்வளவு பெரிய கூடம் எப்படி வந்தது என்று பார்த்தேன். நடுவில் ஒரு சுவர் இருந்து, அதை எடுத்திருக்கிறார்கள். தரையில் அதன் தடம் இருந்தது. அந்தச் சுவர் தாங்கிய மேல்தளம் இப்போது இரண்டு இரும்புக் குழாயின் மேல் உட்கார்ந்திருந்தது. நடுவில் லேசாகத் தொய்வு. சுவரோரம் நின்று மூலைக்கு மூலை பார்த்தேன். என் கண் என்னை ஏமாற்றுகிறதோ என்று மறுபடியும் பார்த்தேன். இல்லை.

அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே போய் 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு குடும்பம் திரும்ப ஒன்றாகிவிடும், அந்தப் பெண்கள் நாளைக்கே தைக்க உட்காருவார்கள், நானும் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்கலாம். ஒருவேளை நான் சாகும்வரை இது நிற்கவும் நிற்கும். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது, பொய் சொல்லவில்லை.

வெளியே வந்தேன். எல்லாரும் எழுந்து நின்றார்கள். லாரிக்காரர் ஒரு முடிச்சில் கை வைத்துத் தயாராக இருந்தார்.

"வேண்டாம் தம்பி" என்றேன்.

அவன் ஏன் என்று கேட்கவில்லை. ஒரே ஒரு முறை அந்தக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தான். லாரிக்காரரிடம் திரும்பி, "கயிறை அவுக்காதீங்கண்ணே" என்றான். பிறகு லாரியின் முன்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"ஏறுங்க அண்ணி. ஆஸ்பத்திரிக்குப் பின்னால இன்னொரு இடம் இருக்கு. அதையும் பாத்துடுங்க."